பிக்காச்சுவோடு லைட்ஹவுஸ் குப்பம் வரை

சென்னையை எனக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியார் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: போக்கிமான் கோ. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். ஆனால் வீடு, ஆபீஸ், தி.நகர், இரண்டு மூன்று தியேட்டர், இவற்றுக்கு நடுவே ஓடும் ரோடுகள் மட்டும்தான் எனக்குத் தெரிந்த சென்னை. இன்று மண்ணடியில் கண்ணைக் கட்டி விட்டாலும் தம்புச் செட்டித் தெருவுக்கு வந்து சேர்ந்துவிடுவேன். அந்தப் பெருமை முழுக்க என் செல்போனுக்குள் இருக்கும் அந்தக் குட்டி மிருகங்களுக்கே.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போனில் உள்ள ஜிபிஎஸ் நீங்கள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். திரையில் தெரிவது கற்பனை உலகமல்ல, நீங்கள் நிற்கும் அதே தெருவின் வரைபடம். அதில் நீங்கள் நடந்தால்தான் உங்கள் பொம்மையும் நடக்கும். போக்கிமான்களைப் பிடிக்கத் தேவையான பந்துகள், 'போக்கிஸ்டாப்' எனப்படும் நீல நிறப் புள்ளிகளைத் திரையில் சுழற்றினால் கிடைக்கும். அந்தப் புள்ளிகள் நிஜமான சிலைகள், கோயில்கள், பழைய கட்டடங்கள், சுவரோவியங்கள் இருக்கும் இடத்தில் நிற்கின்றன. பக்கத்தில் போகாமல் எதுவும் கிடைக்காது. முட்டைகள் உண்டு, 2 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் என்று கால்நடையாய் நடந்தால்தான் பொரியும். காரில் பறந்தால் கணக்கில் சேராது. ஊர் சுற்றுவதற்கு இதைவிட அழகான நிபந்தனையை யார் போட முடியும்!

2016 ஜூலையில் வெளிநாடுகளில் இது வந்தது. இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வந்தது அந்த ஆண்டு டிசம்பரில், ஜியோவோடு கைகோத்து. உருவாக்கிய நியாண்டிக் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் ஹாங்கி, பிறகு கூகுள் எர்த் ஆக மாறிய கீஹோலை உருவாக்கியவர்களில் ஒருவர். பூமியை மேலிருந்து காட்டிய மனிதர், பிறகு நம்மைத் தரையில் இறங்கி நடக்கச் சொன்னார். இதற்கு முன்பு 2012இல் 'இங்க்ரெஸ்' என்றொரு ஆட்டத்தை அவர்கள் கொண்டுவந்திருந்தார்கள். அதை ஆடியவர்கள் உலகம் முழுக்கத் தங்கள் ஊர் மூலைகளைப் படமெடுத்து அனுப்பினார்கள். அந்த இடங்களில் பலவும் பிற்பாடு போக்கிஸ்டாப்புகள் ஆயின. எனக்கு இந்த ஆட்டத்தின் மீது இருக்கும் காதலுக்கு இதுதான் ஆணிவேர். திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும், 'இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாமே' என்று நினைத்த முகம் தெரியாத ஒருவர் இருக்கிறார்.

மெரினாவில் ஆரம்பித்தேன். எத்தனை வருஷமாய் சுண்டல் தின்றுகொண்டு கடந்துபோன சிலைகள்! போக்கிஸ்டாப்பைச் சுழற்றுவதற்காக ஒவ்வொன்றின் முன்னும் நின்றபோதுதான் பீடத்து எழுத்துகளைப் படித்தேன். உழைப்பாளர் சிலை தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959இல் நிறுவியது. அதிலுள்ள நால்வரின் தோளும் முதுகும் பாறையோடு மல்லுக்கட்டும் விதத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள், நமக்கே மூச்சு வாங்கும். ஔவையார், கம்பர், கண்ணகி, வீரமாமுனிவர், கால்டுவெல், போப் எல்லாரும் 1968 ஜனவரியில் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டுக்காக வந்தவர்கள். கடற்கரைச் சாலையை ஒரு முறை முழுக்க நடந்தால் போதும்; ஒரு முட்டையும் பொரியும், இலக்கிய வரலாறும் கையில் வரும்.

அந்தச் சாலையின் தெற்குக் கோடியில் கலங்கரை விளக்கம். அங்கேதான் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது, அது இன்றுவரை விடவில்லை. இந்த விளக்கு 1977இல் வந்ததாம். அப்படியானால் அதற்கு முன்? தேடிக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனேன். வளாகத்துக்குள்ளே ஒரு பிரம்மாண்டமான கருங்கல் தூண் தனியாக நிற்கிறது. 1844இலிருந்து அரை நூற்றாண்டு அதுதான் மதராஸின் விளக்கு. 1894இல் விளக்கு நீதிமன்றக் கட்டடத்தின் உயரமான கோபுரத்துக்கே ஏறிவிட்டது. நீதி சொல்லும் கட்டடத்தின் தலையில் கப்பலுக்கு வழி சொல்லும் விளக்கு! எல்லாவற்றுக்கும் மூத்தது 1796இல் புனித ஜார்ஜ் கோட்டையில் எரிந்த எண்ணெய் விளக்கு. ஒரே நகரம், நான்கு விளக்குகள். நான்கையும் நடந்தே தொட்டுவிடலாம். நான் தொட்டேன். வழியில் ஆர்மீனியன் தெருவின் 1772ஆம் ஆண்டுத் தேவாலயம், அதன் நிழலான முற்றம், காளிகாம்பாள் கோயில் வாசல் பூக்கடைகள் எல்லாம் என் கணக்கில் சேர்ந்தன.

விளக்குகளைத் தேடுகிறவனுக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: வடக்கே அடுத்தது எங்கே?

விடை, பழவேற்காடு. அங்கே விளக்கு நிற்கும் ஊரின் பெயரே லைட்ஹவுஸ் குப்பம். ஒரு ஊருக்கே விளக்கின் பெயர் என்றால் போகாமல் இருக்க முடியுமா?

மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்தேன். ராயபுரம் ஸ்டேஷனை முன்பே நடந்து பார்த்துவிட்டேன். 1856இல் திறந்தது, நாட்டில் இன்றும் நிற்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம். திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் என்று ரயில் போகப் போக நகரம் புகைபோக்கிகளாகவும் உப்பு நீராகவும் மாறுகிறது. ரயில் வேகத்தில் முட்டைகள் அசையாது, ஆகவே ஜன்னலைப் பார்க்கலாம். பொன்னேரியில் இறங்கிப் பழவேற்காடு பஸ். வயல், புளியமரம், இறால் பண்ணை. பிறகு சட்டென்று ஒரு வளைவில் வானம் கீழே இறங்கித் தண்ணீராகக் கிடந்தது.

அடேயப்பா, அந்த ஏரி! சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி. பெரும் பகுதி ஆந்திரத்தில், தென்கோடி நம்மிடம். ஆரணி ஆறு நல்ல தண்ணீரைக் கொண்டுவர, முகத்துவாரம் வழியே கடல் உப்பை அனுப்ப, இரண்டும் கலந்த இடத்தில் இறாலும் நண்டும் கொழிக்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. தூரத்தில் அவை நிற்கும்போது தண்ணீரின் ஓரத்தில் யாரோ ரோஜா நிறக் கோடு இழுத்ததுபோல் இருந்தது. என் போனில் கோர்சோலா என்றொரு போக்கிமான் உண்டு, அதுவும் ரோஜா நிறம்தான், பவளம்போல் கிளைகளோடு. வெப்பமண்டலப் பகுதிகளில் மட்டுமே கிடைக்கும் என்பதால் லண்டன்காரர்களும் டோக்கியோக்காரர்களும் அதற்காக ஏங்குவார்கள். நமக்கு அது பக்கத்து வீட்டுப் பிள்ளை. இந்தக் கரையில் அதைப் பிடித்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்!

ஊருக்குள் டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசலின் இரு பக்கமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் வரவேற்கின்றன. உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள், ஒவ்வொன்றிலும் கொடியும் குலச்சின்னமும் டச்சு எழுத்துமாக அப்படியொரு செதுக்கல். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கல்லின் முன்னும் குந்தி உட்கார்ந்து ஆண்டுகளை மட்டும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். போனை எடுக்கவே தோன்றவில்லை.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் பெரிய விஷயம் ஒன்று உறைத்தது. நான் நகரத்திலிருந்து குப்பத்துக்கு வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரு காலத்தில் பெரிய ஊர் இதுதான். 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக வைத்துக்கொண்டார்கள். இங்கிருந்து துணி போயிற்று, வெடிமருந்து போயிற்று. ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற பாதிரியார் இங்கே வாழ்ந்த ஆண்டுகளில் கேட்டறிந்ததை வைத்து எழுதிய நூல் 1651இல் ஹாலந்தில் வெளிவந்து, ஐரோப்பாவுக்கு இந்துச் சமயத்தை விரிவாக அறிமுகம் செய்தது. ஆங்கிலேயர்களும் 1620களில் இங்கே கால் ஊன்றப் பார்த்தார்கள். டச்சுக்காரர்களோடு ஒத்துப்போக முடியவில்லை. வடக்கே ஆர்மகானுக்குப் போனார்கள், அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் தெற்கே இறங்கி 1639இல் ஒரு மணல் துண்டைப் பெற்றார்கள். அந்த மணல் துண்டுதான் மதராஸ். பழவேற்காட்டில் இடம் கிடைத்திருந்தால் என் ஊரே இங்கேதான் இருந்திருக்கும்! இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் இப்படி உணர்ந்ததில்லை. நடந்து வந்த கால்களுக்குத்தான் இது புரிகிறது.

கோட்டை இன்று புதர் மூடிய மேடு. அதைத் தாண்டி, பாலத்தில் ஏரியைக் கடந்தால் லைட்ஹவுஸ் குப்பம்.

பாலத்தின் மேல் நடக்கும்போது இரண்டு பக்கமும் படகுகள். பாலம் இறங்கியதும் மணல், வலைக் குவியல், காயும் கருவாட்டு வாசம். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல், நடுவே நீளவாக்கில் ஒரு மணல் திட்டில் ஊர்கள். வடக்கே தண்ணீருக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா. அங்கே ராக்கெட் கிளம்பினால் இந்தக் கரையில் நின்றே பார்க்கலாம். கலங்கரை விளக்கம் எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிறது. 1859இலிருந்தே இந்தக் கரையில் விளக்கு உண்டு. கழுத்து வலிக்க வலிக்க அதன் அடியில் நின்றேன். ஆட்டத்தின் வரைபடமோ இங்கே வெறிச்சோடிக் கிடந்தது. மண்ணடியில் நாலடிக்கு ஒரு புள்ளி. இங்கே கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை நிறமும் நீல நிறமும்தான்.

போனைத் தூக்கிக்கொண்டு கடலோரமாக நடந்த என்னை, படகு நிழலில் வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு அண்ணன் கூப்பிட்டார்.

"இன்னா தம்பி, செல்லத் தூக்கினே சுத்தினுகிற? டவர் இல்லியா?"

"டவர் இருக்குண்ணா. இது ஒரு கேமு. எந்த எடத்துல நிக்கிறோமோ அதுக்கேத்த மாதிரி ஒண்ணு வரும், புடிக்கணும்."

"எடத்த வச்சிப் புடிக்கிறதா? அதான நாங்க டெய்லி பண்றோம்!"

சிரித்துக்கொண்டே பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு சின்ன ஜிபிஎஸ் கருவியை எடுத்துக் காட்டினார். அதில் வரிசையாக எண்கள். ஒவ்வொன்றும் கடலுக்கடியில் மீன் தங்கும் ஒரு பார். எந்த மாசத்தில் எந்தப் பாரில் என்ன மீன் என்பது அவருக்கு மனப்பாடம். "எங்கப்பாவுக்கு இது இல்ல தம்பி. லைட்டவுசும் பனந்தோப்பும் ஒரே கோட்டுல வரணும், அங்க வல விடுவாரு" என்றார். ஏரிக்குள்ளே இன்னொரு ஏற்பாடு உண்டு, 'பாடு' என்று அதற்குப் பெயர். எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்பதை ஊர் கூடி முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய வழக்கம். நல்ல இடம் எல்லாருக்கும் சுற்றிச் சுற்றி வரும்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. செயற்கைக்கோளை நம்பி நான் பொழுதுபோக்காகச் செய்வதை, ஒரு விளக்கையும் ஒரு பனந்தோப்பையும் வைத்து இந்தக் கரை தலைமுறை தலைமுறையாகப் பிழைப்பாகச் செய்திருக்கிறது. என் திரையில் வெறுமையாகத் தெரிந்த அந்த நீலம், அவர் கருவியில் புள்ளிகளால் நிறைந்திருந்தது.

அன்று சாயங்காலமே வேலையில் இறங்கிவிட்டேன். உயர்ந்த நிலையை எட்டிய ஆட்டக்காரர்கள் புதிய இடங்களைப் பரிந்துரைக்கலாம், 'வேஃபேரர்' என்று அதற்கு ஒரு வழி இருக்கிறது. இடத்தின் ஒரு படம், சுற்றுப்புறம் தெரியும் இன்னொரு படம், ஒரு தலைப்பு, சில வரி விளக்கம். மற்ற ஆட்டக்காரர்கள் பார்த்து வாக்களிப்பார்கள். வீடுகளும் பள்ளிக்கூடங்களும் கூடாது. எல்லாரும் போய் நிற்கக்கூடிய, பார்க்கத் தகுந்த இடமாக இருக்க வேண்டும். குப்பத்து அம்மன் கோயிலைப் படமெடுக்கலாமா என்று வாசலில் உட்கார்ந்திருந்த ஆயாவைக் கேட்டேன். "எடு, ஆனா செருப்ப கயட்டினு எடு" என்றார். எடுத்தேன். எந்தச் சாமி, திருவிழா எந்த மாசம், கடலுக்குப் போகுமுன் என்ன வேண்டிக்கொள்வார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல விளக்கத்தில் எழுதினேன். எனக்கு முன்னால் யாரோ ஒருவர் உழைப்பாளர் சிலைக்குச் செய்ததை, நான் இந்தக் கோயிலுக்குச் செய்கிறேன் என்பதில் இருந்த பரவசம் எந்த அபூர்வ போக்கிமானும் தராதது.

நீங்களும் போங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போனால் பூநாரைகளைப் பார்க்கலாம். விடிகாலை ரயிலைப் பிடித்தால் மீன் ஏலம் முடிவதற்குள் சேரலாம். பவர் பேங்க் கட்டாயம், தொப்பியும் தண்ணீரும் அதைவிடக் கட்டாயம். விளக்கின் மேலே ஏற அனுமதி உண்டா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். படகுச் சவாரிக்கு யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த ஏரி இது. கரையிலேயே பார்க்க அத்தனை இருக்கிறது. மதியத்துக்கு நண்டுக் குழம்பு எங்கே கிடைக்கும் என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், வழி காட்டுவார்கள். பழவேற்காட்டில் பனையோலைப் பெட்டி முடையும் பெண்களிடம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். என் பரிந்துரைகள் வாக்கெடுப்பில் தேறியிருந்தால் அம்மன் கோயில் வாசலில் ஒரு நீலப் புள்ளி உங்களுக்காகக் காத்திருக்கும், சுழற்றிவிட்டு வாருங்கள். அடுத்த மார்கழியில் நான் மறுபடியும் கிளம்புகிறேன். ஆட்டத்தில் என்னோடு மஞ்சள் அணியில் இருப்பவர்கள் பொன்னேரியிலேயே சேர்ந்துகொள்ளலாம், நீல அணியும் சிவப்பு அணியும் வந்தாலும் பஸ்ஸில் இடம் பிடித்து வைக்கிறேன்.