தும்பியின் சான்று

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டை அறியாத தமிழாசிரியர் இலர். இறையனார் பாடியதாகத் தொகுக்கப்பெற்ற அப்பாட்டு, தருமிக்குப் பொற்கிழி கிடைத்த கதையோடு இணைந்து, ஏடு பயிலாதவரும் அறிந்த பாட்டாயிற்று. 1965-இல் வெளிவந்த ‘திருவிளையாடல்’ திரைப்படம் அதனை மேலும் பரப்பிற்று. இத்துணைப் பழகிய பாட்டில் வரும் ஓர் உயிரை நம்மில் பலர் மாற்றிக் காட்டி வருகின்றனர். பாட்டில் ‘தும்பி’ என்ற சொல் வந்தவுடன் கரும்பலகையில் எழுதப்படும் உருவம் யாது? நீண்டு விரிந்த நான்கு சிறகும், குச்சி போன்ற உடலும் கொண்ட தட்டானே பல வகுப்பறைகளில் எழுதப்படுகிறது. பூச்சிதானே, எதுவாயிருந்தால் என்ன என்று கேட்கலாம். அது எதுவாயிருந்தாலும் ஒன்றே என்று கொண்டால் பாட்டே நில்லாது என்பதை ஈண்டுக் காட்ட விழைகிறேன்.

பாட்டின் பொருளை முதலில் நினைவுகொள்வோம். தலைவன் தும்பியை விளிக்கிறான். பூந்தாதைத் தேடித் திரிவதே உன் வாழ்க்கை என்கிறான். என் மனத்துக்கு இனியதைக் கூறாதே, நீ கண்டறிந்ததைக் கூறு என்கிறான். பின்னரே வினா வருகிறது: நீ அறிந்த மலர்களுள் இவள் கூந்தலைப் போல மணமுடையது உண்டோ?

இஃது ஒரு வழக்கு மன்றத்தின் அமைப்பு. முதலில் சாட்சியின் தகுதி கூறப்படுகிறது. அடுத்து, உண்மையே கூற வேண்டும் என்ற ஆணை விதிக்கப்படுகிறது. அதன் பின்னரே வினா எழுப்பப்படுகிறது. தும்பி தலைவனுடைய நிலத்தில் வாழ்வது; ஆதலின் அவன் பக்கம் சாயக்கூடும். அதனாலேயே அந்த ஆணை வேண்டப்பட்டது. சாட்சியின் தகுதியோ ஒன்றே: பல்லாயிரம் மலர்களிற் புகுந்து எழுந்த பட்டறிவு. அத்தகுதி நீங்கினால் வினாவும் பொருளற்றதாகும்; தலைவியின் நலம் பாராட்டலும் வெறும் புகழ்மொழியாய்ச் சுருங்கும்.

இனி, தட்டானுக்கு இத்தகுதி உண்டா? ஏட்டில் தேடுவதினும் ஓடைக்கரையில் தேடுவது எளிது. கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் ஒரே நாளில் சென்று மீளத்தக்க மலைக்காடுகள் நமக்கு உண்டு. உலு கோம்பாக் ஓடைகளும், காஞ்சிங் அருவியும், கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தின் காடும் அண்மையில் உள்ளவை. ஈய மண்ணாய்ப் பாழ்பட்டுக் கிடந்த நிலத்தில் 1920-களிலிருந்து நட்டு வளர்த்த கெப்போங் காடு, 2025-இல் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. இங்கெல்லாம் காலை வெயில் ஏறும் வேளையில் நீரோரம் அமர்ந்து நோக்கினால், தட்டானின் வாழ்க்கை முழுவதும் கண்முன் விளங்கும்.

தட்டான் ஊனுண்ணி. அதன் இளம்பருவம் நீருக்குள் கழிகிறது. அங்கே கொசுப் புழுக்களையும் தலைப்பிரட்டைகளையும் தின்று வளர்கிறது. சிறகு பெற்றபின் வானில் பறக்கும் சிறு பூச்சிகளை, முள்ளடர்ந்த தன் கால்களையே கூடை போலக் குவித்துப் பற்றுகிறது. அதன் கருவி கண். பெருந்தட்டான்களின் ஒவ்வொரு கண்ணும் ஏறத்தாழ 30,000 நுண்கண்களால் ஆகியது. மலரின்மேல் அது அமர்வதும் உண்டு. ஆனால் குச்சியின் நுனியில் அமர்வது போலவே அமர்கிறது. தேன் உண்பதில்லை, தாது திரட்டுவதில்லை. கூந்தலின் மணத்தைப் பற்றித் தட்டானைக் கேட்பது, மீனவனை அழைத்து நெல்லின் தரம் கேட்பது போன்றதாகும்.

அவ்வோடைக்கரையை விட்டுச் சற்றே வெளியே வருவோம். காட்டோரத்தில், மலாய்க்காரர் ‘செண்டுடுக்’ எனப்படும் ஊதாப்பூச் செடி அடர்ந்திருக்கும். அங்கே கருநிறப் பெருவண்டு ஒன்று உரத்த முழக்கத்தோடு வரும். மரத்தையும் மூங்கிலையும் துளைத்துக் கூடு செய்யும் தச்சு வண்டினத்தைச் சேர்ந்தது அது. செண்டுடுக்கின் மலரில் தேன் இல்லை, தாதே உண்டு. அத்தாதும் குழல் போன்ற பைகளுள் அடைபட்டிருக்கிறது. வண்டு அப்பைகளைக் கட்டிப் பிடித்துத் தன் உடலை அதிரச் செய்து, தாதை உதிர்த்துப் பெறுகிறது. தாது தேடும் வாழ்க்கை என்று பாட்டு கூறியதன் பொருளை இவ்வொரு காட்சி விளக்குவது போல எவ்வுரையும் விளக்காது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். பாட்டு தும்பியை அழகிய சிறகுடையது என்று விளிக்கிறதே. கண்ணாடி போன்ற தட்டானின் சிறகன்றோ அழகியது? கரிய வண்டுக்கு அவ்வடை பொருந்துமா? பொருந்தும். நம் நாட்டுத் தச்சு வண்டுகளுள் பெரியது வெயிலில் திரும்பும்போது, அதன் சிறகில் நீலமும் பச்சையும் ஊதாவும் மாறிமாறி மின்னுவதைக் காணலாம். வண்டின் சிறகுக்கு அழகில்லை என்பது, கூர்ந்து நோக்காதார் கூற்று.

மற்றொரு தடையும் உண்டு. இன்று பேச்சு வழக்கில் தும்பி என்றால் தட்டான்தானே என்பர். உண்மை, மலையாளத்திலும் அச்சொல் தட்டானையே குறிக்கிறது. சொற்கள் பொருள் மாறுவது மொழியின் இயல்பு. இன்றைய வழக்கைப் பிழை என்று கூற எவருக்கும் உரிமையில்லை. நிகண்டு வழக்கில் தும்பி யானையையும் குறிக்கும். ஆயினும் இப்பாட்டில் யானையை எவரும் எழுதுவதில்லை. பாட்டின் பொருளைப் பாட்டே வரையறுக்கிறது என்பதனாலன்றோ? அவ்வரையறை தட்டானுக்கும் உரியது. தொல்காப்பிய மரபியல் நண்டையும் தும்பியையும் நான்கறிவுடையனவாக வகுக்கிறது. ஊறு, சுவை, நாற்றம், பார்வை என்பன அந்நான்கு. நாற்றம் உணரும் உயிரையே நாற்றத்துக்குச் சான்றாக அழைத்தது இப்பாட்டு. குறுந்தொகை 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கனாராலும், 1937-இல் உ. வே. சாமிநாதையராலும் பதிப்பிக்கப்பெற்றது. உரை மரபும் தும்பியை வண்டின் இனம் என்றே கொள்கிறது. மாற்றம் உரையில் நேர்ந்ததன்று. உரையையும் பாராமல், உயிரையும் பாராமல், சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டதால் நேர்ந்தது.

தருமி கதையில் நக்கீரர் எழுப்பிய தடையும் இவ்வகையினதே. கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டோ என்பதே அவர் வினா. அணியழகில் அவர் குறை காணவில்லை. யாப்பிலும் குற்றம் கூறவில்லை. பாட்டு கூறுவது உலகில் உள்ளதா என்று கேட்டார். இயற்கை உண்மையைக் கொண்டு கவிதையை அளக்கும் துணிவு நம் மரபிலேயே இருந்ததற்கு இக்கதையே போதிய அடையாளம்.

அத்துணிவு இன்று நம் மாணவர் கட்டுரைகளில் குன்றிவிட்டது. பிரேசர் மலைக்கு ஒருநாள் உலாச் சென்று மீண்ட மாணவர்கள் எழுதும் கட்டுரைகளைப் பாருங்கள். குயில்கள் கூவுகின்றன, மயில்கள் தோகை விரித்து ஆடுகின்றன, வண்டுகள் ரீங்காரம் செய்கின்றன. மலையேறுமுன்பே எழுதிவிடத்தக்க வரிகள் இவை. தீபகற்ப மலேசியக் காடுகளில் இயல்பாய் வாழ்ந்த பச்சை மயில், 20-ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போயிற்று. குயிலின் குரலைக் கேட்கப் பிரேசர் மலைக்குச் செல்ல வேண்டியதில்லை; பிரிக்பீல்ட்ஸ் தெருமரங்களில் விடியலில் அது கூவுகிறது. அது முட்டையிடும் கூட்டுக்கு உரிய காகமோ, 1900-ஆம் ஆண்டை ஒட்டி, காப்பித் தோட்டத்துப் புழுக்களை அழிக்க இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. நம் முன்னோரைப் போலவே கப்பலேறித் தோட்டத்துக்கு வந்த அப்பறவையைப் பற்றி நம் பிள்ளைகள் ஒரு வரி எழுதினால் அது புதிய வரியாக இருக்கும். மலையிலோ, சிள்வண்டு போல் ஒலியெழுப்பும் குக்குறுவான் இருக்கிறது. மலேசியக் காடுகளில் 10 வகை இருவாட்சிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றின் குரலைக் கேட்ட மலாய் மக்கள், மாமியார் வீட்டின் தூண்களை வெட்டிச் சாய்த்துவிட்டு நகைத்த மருமகனின் கதையைக் கட்டி, ‘தெபாங் மெந்துவா’ என்று அதற்குப் பெயரிட்டனர். கேட்ட செவியிலிருந்து பிறந்த பெயர் அது. வேட்டையால் நலிந்து, 2015 முதல் அப்பறவை அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டுள்ளது. அக்குரல் மறையுமுன் தமிழில் எழுத எவர் முன்வந்தனர்?

தமிழில் இது முடியாத செயலன்று. மலைச்சாரலில் மூங்கிலின் துளைகளிற் புகுந்த காற்று குழலாகவும், அருவி முழவாகவும், வண்டொலி யாழாகவும் அமைய, மயில் ஆடுவதைக் குரங்குகள் வியந்து நோக்கும் காட்சியை அகநானூற்றின் 82-ஆம் பாட்டில் கபிலர் அமைத்தார். அது கற்பனையே, ஆனால் கண்ட பொருள்களால் கட்டிய கற்பனை. நம் காலத்துக்கு அண்மையில், அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) பறவைகளையும் விலங்குகளையும் பற்றித் தெளிந்த தமிழ் உரைநடையில் எழுதிக் காட்டினார். பி. எல். சாமி சங்க இலக்கியப் புள்ளினங்களுக்கு உயிர்நூல் அறிவோடு விளக்கம் கண்டார். வழி இருக்கிறது, நடப்பார்தாம் வேண்டும்.

ஆதலின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பறவை காண்போரிடையே ஒரு நன்மரபு உண்டு: கண்ணாற் காணாததையும் காதாற் கேளாததையும் பட்டியலில் எழுதலாகாது. பிரேசர் மலையில் 1988-இல் தொடங்கிய பன்னாட்டுப் பறவை காணும் போட்டிக்கும் இதுவே அடிப்படை. தலைவன் தும்பிக்கு இட்ட ஆணையும் இதுவே. இரண்டாம் பாட்டைக் கற்பிக்குமுன் மாணவரை ஒருநாள் ஓடைக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். இயலாதார்க்குப் பள்ளி வேலியோரப் பூச்செடியும், மழைநீர் தேங்கிய வாய்க்காலும் போதும். பூவில் புகுவது எது, பூவின்மேல் பறந்து இரை பிடிப்பது எது என்று அவர்களே எழுதட்டும். பெயர் தெரியாத பூச்சிக்கு நிறமும் அளவும் அமரும் முறையும் எழுதினால் போதும். சிறகை விரித்து அமர்வது தட்டான், பெரும்பாலும் மடித்து அமர்வது ஊசித்தட்டான் என்ற வேறுபாட்டைக்கூட அவர்களே கண்டு கூறுவர். அதன்பின் பாட்டைப் படியுங்கள். தும்பி எது என்பதை நாம் கூற வேண்டிய தேவை இராது. பாட்டில் உள்ள ஆணை தமக்கும் இடப்பட்டது என்பதை உணர்ந்த மாணவன், ஆடாத மயிலை அடுத்த கட்டுரையில் ஆடவிடமாட்டான்.