ராஜு செய்யாத தப்பு

‘ராஜுவும் நாற்பது திருடர்களும்’ என்று ஒரு சிறுநூல் இருக்கிறது. மும்பையில் உள்ள ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் வெளியிட்டது. படங்களோடு 40 மோசடிக் கதைகள், கூடவே செய்ய வேண்டியவை, கூடாதவை. முதல் தடவை படித்தபோது பிடித்திருந்தது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரிக்கு வீடு மாறிய பிறகு மறுபடி படித்தேன். எரிச்சல்தான் வந்தது.

காரணம், பழைய தெரு பக்கத்து வீட்டு அக்காவின் போன். “தம்பி, உன் பேருக்கு ஏதோ லோன் நோட்டீஸ் வந்திருக்கு. கதவு நம்பர் தப்பா இருக்கு, போஸ்ட்மேன் உன் பேரைப் பார்த்து எங்கிட்ட குடுத்துட்டுப் போனார்.” ரூ.18,000. ஏதோ ஒரு ஆப்பில் வாங்கியது. பான் என்னுடையது, போன் நம்பர் யாருடையதோ.

நூலில் பெரும்பாலும் திருடன் பேசுவான், ராஜு மயங்குவான். லிங்க்கை அமுக்குவான், ஓடிபி சொல்வான், திரையைப் பகிரும் ஆப்பை இறக்குவான். திருடப்பட்ட ஆவணங்களை வைத்துக் கடன் வாங்குவது பற்றியும் ஒரு கதை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாற்பதில் அது ஒன்று. மொத்தமாகப் படித்து முடித்தால் மனசில் நிற்பது, ராஜு உஷாராக இருந்தால் போதும் என்பதுதான்.

நான் யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. வீடு மாறினேன், அவ்வளவுதான். மாறின மூன்று வாரத்தில் ஆதாரும் பான் கார்டும் எங்கெங்கே போயின என்று எண்ணிப் பார்த்தேன். புரோக்கருக்கு வாட்ஸ்அப்பில், வீட்டு ஓனருக்கு ஜெராக்ஸாக, கேஸ் ஏஜென்சிக்கு, வீடு பார்க்க வந்தபோது தங்கின லாட்ஜுக்கு. வாடகை ஒப்பந்தம் டைப் செய்த கடையில் ஒன்று (அந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்திருப்பீங்க, ஊரார் ஆதார் எல்லாம் திரையிலேயே வரிசையா கிடக்கும்). பழைய வீட்டுப் பரணில் விட்டுவந்த காகிதக் கட்டு வேறு. எதிலிருந்து கசிந்தது என்று இன்றுவரை தெரியாது.

‘கொடுக்காதே’ என்று சொல்வது சுலபம். 2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் அதைத்தான் சொன்னது: நகலைக் கண்டபடி கொடுக்காதீர்கள், கடைசி 4 எண் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மறைப்பு ஆதார் வசதி இன்னும் இருக்கிறது. எங்க ஓனரிடம் நீட்டினேன். “என்ன சார், நம்பரே தெரியலை. முழுசா குடுங்க” என்றார். சாவி அவர் கையில் இருந்தது. கொடுத்தேன்.

நூல் சொல்லாத இன்னொன்று, எங்க மாவட்டத்துக்கே உரியது. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. நகராமலே எல்லோருக்கும் முகவரி மாறிப்போச்சு. என் கடன் அறிக்கையில் ஒரே வீடு இரண்டு மாவட்டத்தில் இருந்தது. மூன்றாவதாக அதே தெரு, வேறு கதவு எண். நோட்டீஸ் வருவதற்கு முன்பே அதைப் பார்த்தேன். இதுவும் அந்தக் குளறுபடிதான் போல என்று தாண்டிப் போய்விட்டேன். கீழே, கடனுக்காக யார் யார் என் அறிக்கையைக் கேட்டார்கள் என்ற பட்டியல் இருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை. ஸ்கோர் 780, சந்தோஷம் என்று மூடிவிட்டேன். விளம்பரமெல்லாம் ஸ்கோரைத்தானே பார்க்கச் சொல்கிறது.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள். ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். இப்போது மூன்று மாசத்துக்கு ஒன்றாக வாங்குகிறேன். ஸ்கோரை விட்டுவிட்டு முகவரி, போன் நம்பர், விசாரணைப் பட்டியல் மூன்றையும் பார்க்கிறேன். 2025 ஜனவரி முதல் கடன் கொடுப்பவர்கள் 15 நாளுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்பவேண்டும் என்பதால் புதுக்கடன் முன்பைவிடச் சீக்கிரம் தெரிகிறது.

ஆனால் இதெல்லாம் திருட்டு நடந்த பிறகு. அமெரிக்காவில் 2018 முதல் எவரும் தன் கடன் விவரத்தை இலவசமாகப் பூட்டி வைக்கலாம், சட்டம் அப்படி. நம்முடைய 2005 சட்டத்தில் திருத்தம் கேட்கும் உரிமை உண்டு, பூட்டும் உரிமை இல்லை. அறிக்கையை யாராவது எடுத்தால் நமக்கு எஸ்எம்எஸ் வரவேண்டும் என்று விதி இருக்கிறது. எனக்கு வந்திருந்தால் பழைய நம்பருக்கு வந்திருக்கும். பூஞ்சேரியில் சிக்னல் இல்லை என்று அதை விட்டுவிட்டேன்.

புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால் நாளுக்கு ரூ.100 இழப்பீடு, 2024 ஏப்ரலிலிருந்து. யாரோ சில நிமிஷத்தில் வாங்கிய கடனை, அது நான் இல்லை என்று நிரூபிக்க எனக்கு 26 நாள் ஆனது. அந்த நூறும் கிடையாது.

கடன் அறிக்கையிலிருந்து நீங்கிவிட்டது. அந்த வேற கதவு எண் மட்டும் ஒரு நிறுவனத்தின் அறிக்கையில் இன்னும் என் முகவரியாகவே நிற்கிறது. மறுபடி எழுதியிருக்கிறேன். அக்காவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.