மீன்தலைக் கறியும் ஒருசந்தியும்

ஓஃபிர் ரோட்டில் 1888இல் திறக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயம் சிங்கப்பூர்த் தமிழ்க் கத்தோலிக்கர்களின் தாய்வீடு. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் மாலை நெற்றியில் சாம்பலோடு அங்கிருந்து புறப்படுகிறவர் கால்மணி நேரம் நடந்தால் லிட்டில் இந்தியாவின் தேக்கா வந்துவிடும். அன்று ஆட்டுக்கறி ஆகாது. மீன் ஆகும்.

சிக்கலே அதுதான். கேரளத்துக்காரர் எம். ஜே. கோமஸ் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் மீன்தலைக் கறி இன்று அங்குள்ள ரேஸ் கோர்ஸ் ரோட்டின் அடையாளம். வாழையிலையில் சோறு, சட்டியில் புளியும் மிளகாயும் சிவக்கக் கொதிக்க, வெண்டைக்காய்க்கு நடுவே வாய் பிளந்த தலை. விலை இருபது வெள்ளியைத் தாண்டும். திருச்சபைச் சட்டப்படி இதுவும் சுத்தபோசனம்தான், அதாவது இறைச்சி விலக்கிய உணவுதான்.

பழைய தமிழ்க் கத்தோலிக்கர் நோன்பை ‘ஒருசந்தி’ என்றார்கள்: நாளுக்கு ஒரே வேளைச் சாப்பாடு. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் விதிகளைத் தளர்த்தியபின் கட்டாய நோன்பு விபூதிப் புதன், பெரிய வெள்ளி என இரண்டு நாளாகச் சுருங்கியது. அதுவும் இன்றைய விதிப்படி 18 முதல் 59 வயதுவரைதான். ஒரு முழுச் சாப்பாட்டோடு இரண்டு சிற்றுணவுக்கும் இடமுண்டு. தளர்த்தியது தவறல்ல. 2016இல் நீரிழிவுமீது போரே அறிவித்த நாடு இது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் பாட்டி பட்டினி கிடந்து மயங்கி விழவேண்டும் என்று எந்தச் சபையும் கேட்கவில்லை. ஆனால், குறைந்தது இவ்வளவாவது என்று வைத்த விதியை இவ்வளவு போதும் என்று படித்துக்கொண்டது விசுவாசிகளின் கெட்டிக்காரத்தனம்.

சீர்திருத்தச் சபைகள் இந்தக் கட்டாயத்தை அன்றே உதறின. 1522 தவக்காலத்தில் சூரிச் நகர அச்சகக்காரர் ஃப்ரோஷவர் வீட்டில் சிலர் தொத்திறைச்சி தின்றது ஊர்க் கலகமானது. (உடனிருந்த சீர்திருத்தக் குரு ஸ்விங்லி தின்னவில்லை, தின்றவர்களுக்காகப் பிரசங்கம் செய்தார்.) இரு நூற்றாண்டு கழித்து மெதடிஸ்ட் முன்னோடி ஜான் வெஸ்லி புதனும் வெள்ளியும் உபவாசமிருந்து பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். இன்றைய தமிழ்ச் சபைகளின் உபவாச ஜெபத்துக்குக் கூடி அழுது பாடும் பலம் உண்டு. பேரம் பேசும் நோயும் உண்டு: பிஆர் எனும் நிரந்தரவாசம் கிடைக்க மூன்று நாள், பிடிஓ அரசு வீடு குலுக்கலில் விழ ஏழு நாள். வயிற்றைப் பணயம் வைத்துக் கேட்பது ஜெபமா, மறியலா?

நோன்பிருக்கையில் முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் பூசி, பிறர் அறியாதபடி இரு என்கிறது மத்தேயு நற்செய்தி. விபூதிப் புதன் திருப்பலியில் அதைத்தான் வாசிக்கிறார்கள்; வாசித்த கையோடு நெற்றியில் சாம்பல் பூசுகிறார்கள். இந்த முரண் அழகானது. ஆனால் மறைவுக்கும் விலையுண்டு. 2025இல் விபூதிப் புதன் ரமலானுக்குள் வந்தது. சிராங்கூன் ரோடு அங்குலியா பள்ளிவாசலில் ஊரோடு சேர்ந்து நோன்பு திறக்கிறவர்களுக்கு ஊரே துணை. கிறிஸ்தவருக்கோ, மதியம் பன்னிரண்டரைக்கு அலுவலகத்தில் “மக்கான் போலாமா?” என்று கேட்கிறவரிடம் சொல்ல ஒரு பொய்யாவது வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் மீறி நோன்பின் மானம் காப்பது ஏசாயா 58ஆம் அதிகாரம்: பசித்தவனோடு உணவைப் பகிராத உபவாசத்தை அது உபவாசமாகவே எண்ணுவதில்லை. கத்தோலிக்க அறப்பணி அமைப்பான சிங்கப்பூர் கரித்தாஸ் தவக்காலத்தில் அறநிதி திரட்டுவது இந்த வழியில்தான். உணவங்காடியில் தவிர்த்த ஒரு மதியச் சாப்பாடு ஐந்தாறு வெள்ளி. காணிக்கை உறைக்குள் போவது அந்தத் தொகையா, மீன்தலைக்குப் போக மிஞ்சிய சில்லறையா என்பது உறையை ஒட்டுகிறவருக்குத்தான் தெரியும்.