நூலகர் எழுதும் கட்டுரை

நூல்நிலையத் துறைச் சஞ்சிகையில் இடம்பெறத்தக்க கட்டுரை யாது என்னும் வினா, அமெரிக்காவிலே 1931ஆம் ஆண்டிற் பெரும் வாதத்தோடு பிணைந்து எழுந்தது. 1876 முதல் வெளிவரும் 'லைப்ரறி ஜேர்ணல்' நூலகர்தம் நடைமுறை அனுபவங்களுக்குக் களமாயிருந்தது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் 1931இல் தொடங்கிய 'லைப்ரறி குவாட்டர்லி'யோ ஆராய்ச்சிக்கே முதலிடம் அளித்தது. அவ்வாண்டிலேயே சீமோர் தொம்சன் என்பார், நூலகத்துக்கு ஒரு விஞ்ஞானம் வேண்டுமோ என 'லைப்ரறி ஜேர்ணலில்' வினாவினார். டக்ளஸ் வேப்பிள்ஸ் எழுதிய மறுப்பையும் அவ்விதழே வெளியிட்டமை பாராட்டத்தக்கது.

தொம்சன் கூற்றை முற்றாகத் தள்ளுதல் தகாது. எண்களை அடுக்கிவிட்டு ஆராய்ச்சி என்பார் எக்காலத்தும் உளர். ஆயினும், 'எமது நிலையத்தில் இதனைச் செய்தோம். நன்றாயிற்று' என்பதும் கட்டுரையாகாது. முன்னிருந்த நிலை யாது? நன்மையை அளந்தது எதனால்? வேறிடத்தும் அது பலிக்குமோ? இவற்றுக்கு விடையிறாத எழுத்து வெறும் ஆண்டறிக்கையே. (பாடசாலை நூல்நிலையங்கள் பற்றி நாம் எழுதுவன பலவும் இவ்வினத்தன.) வேப்பிள்ஸ் றல்ப் ரைலருடன் அதே ஆண்டில் வெளியிட்ட நூல், மக்கள் எவற்றைப் பற்றிப் படிக்க விரும்புகின்றனர் என ஆராய்ந்தது. நூலகர் ஊகத்தால் முடிவுசெய்து வந்ததை வினாவாக்கியதே அதன் சிறப்பு.

அனுபவமும் ஆராய்ச்சியும் பகையல்ல என்பதற்குச் சான்று சென்னையிலிருந்து வந்தது. 1931இல் வெளிவந்த இரங்கநாதனின் 'நூலகவியலின் ஐந்து விதிகள்' என்னும் ஆங்கில நூலில் கதையும் உரையாடலும் மலிந்துள. எனினும் அவை விதிகளை விளக்கவே வருகின்றன. பின்வந்தோரிற் பலர் அவ்விதிகளை மேற்கோள் காட்டுவதோடு அமைகின்றனர். தத்தம் நூல்நிலையத்தில் அவை எவ்விடத்துப் பொய்க்கின்றன என எழுதுவார் அரியர்.