பல்கலைக்கழகப் பேரவையும் ‘ஒன்று கூடிய’ பெரும்பான்மையும்: சட்டமொழி பற்றிய ஒரு நோக்கு

இலக்கியப் படைப்பொன்றை அதன் சமூகத் தளத்தில் வைத்து நோக்கவேண்டும் என்பதை ஏற்றுக்கொள்ளும் நாம், எம்மை ஆளும் சட்டங்களை அவ்வாறு வாசிப்பது அரிது. பல்கலைக்கழக ஆளுகை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் துணைவேந்தராக வருபவர் யார் என்ற வினாவுடன் நின்றுவிடுகின்றன. துணைவேந்தர் பதவிக்கு மூவரைப் பரிந்துரைக்கும் பேரவை யாரைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறது என்பது அதனினும் அடிப்படையான வினாவாகும். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தை, பின்வந்த திருத்தங்களோடு சேர்த்து ஒரு பனுவலாக வாசித்து, இவ்வினாவை ஈண்டு அணுக முற்படுகின்றோம்.

சட்டம் இரு பெரும் அமைப்புக்களை வகுக்கின்றது. பேரவை ஆளுகை அதிகாரத்தையும், மூதவை கல்விசார் அதிகாரத்தையும் பெறுகின்றன. நிதி, நியமனம், ஒழுக்காற்று நடவடிக்கை ஆகியன பேரவையின்பாற்பட்டவை. துணைவேந்தர், பீடாதிபதிகள், வளாக முதல்வர்கள், மூதவையிலிருந்து தெரிவாகும் இருவர் ஆகியோர் பேரவையின் உள்ளுறுப்பினர். அவர்களின் தொகையிலும் ஒன்று கூடிய எண்ணிக்கையினரான வெளியுறுப்பினரைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கின்றது. எனவே, புதிய பீடமொன்று தோன்றி அதன் பீடாதிபதி பேரவைக்குள் வந்தாலும், வெளியிலிருந்து வருவோரின் எண்ணிக்கையும் உடன் உயரும். பல்கலைக்கழகம் எவ்வளவு வளர்ந்தாலும் அது தன் பேரவையில் பெரும்பான்மை பெறமுடியாது என்பதே இந்த எளிய கணக்கின் பொருள்.

இவ்வெளியுறுப்பினர் யாவர்? கல்வி, உயர்தொழில், வணிகம், கைத்தொழில், விஞ்ஞானம், நிருவாகம் ஆகிய துறைகளிற் சிறப்புச் சேவை ஆற்றியவர்கள் என்கிறது சட்டம். வர்க்கச் சார்பற்றதுபோல் தோன்றும் இப்பட்டியல், உண்மையில் ஒரு வர்க்கத்தின் சுயசரிதையாகும். தொழிற்சங்கம், கூட்டுறவு, விவசாயம், மீன்பிடி, தோட்டத்தொழில் எதுவும் இங்கே சேவைத் துறையாக எண்ணப்படவில்லை. மாணவர் பிரதிநிதிகளுக்கும் கல்விசாரா ஊழியரின் பிரதிநிதிகளுக்கும் பேரவையில் இடமில்லை.

இவ்வமைப்பின் மூலத்தை இங்கிலாந்தின் தொழில் நகரங்களிற் காணலாம். 1900இல் பட்டயம் பெற்ற பேர்மிங்காம் போன்ற பல்கலைக்கழகங்கள் உள்ளூர் ஆலை முதலாளிகளின் நன்கொடையில் எழுந்தவை. பணம் கொடுத்த வர்க்கம் பேரவையில் அமர்ந்து நிதியைக் கண்காணித்தது. பேராசிரியர்கள் மூதவையில் அமர்ந்து பாடநெறிகளைக் கவனித்தனர். அங்கே இருந்த வெளியாள் பெரும்பான்மைக்கு ஒரு பொருளியல் நியாயமேனும் இருந்தது. 1942ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் மூலம், ஐவர் ஜெனிங்ஸ் முதற் துணைவேந்தராக, இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது இம்மாதிரியின் சாயலே இங்கு வந்து சேர்ந்தது. ஆனால் இங்கே செலவை ஏற்றது அரச திறைசேரி. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபின் பொதுமக்களே பல்கலைக்கழகத்தின் உண்மையான புரவலர் ஆயினர். தேயிலை ஏற்றுமதித் தீர்வைகள் நீண்டகாலம் அரச வருமானத்தின் முக்கிய கூறாயிருந்தன. அத்தேயிலையைக் கொய்த மலையக மக்களுட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. பணம் கொடுத்தவன் மேற்பார்வை செய்யவேண்டும் என்ற பேர்மிங்காமின் தருக்கத்தை நேர்மையாகப் பின்பற்றினால், பேரவையின் வெளியாசனங்கள் யாருக்குரியவை என்பது தெளிவு.

பின்வந்த ஆட்சிகள் இவ்வடிப்படையைத் தொடவில்லை. 1966ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் தேசிய உயர்கல்விப் பேரவையை ஏற்படுத்திக் கட்டுப்பாட்டை மேலே கொண்டுசென்றது. 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் பல்கலைக்கழகங்கள் யாவற்றையும் ஒன்றன் வளாகங்களாக்கியது. 1974இல் க. கைலாசபதியை முதற் தலைவராகக் கொண்டு யாழ்ப்பாண வளாகம் தோன்றியது அவ்வமைப்பினுள்ளேயாம். இடதுசாரிக் கட்சிகளும் பங்கேற்ற ஆட்சியே அச்சட்டத்தை இயற்றியது என்பது மனங்கொள்ளத்தக்கது. மையப்படுத்துவதைச் சமூகமயமாக்குதல் என மயங்கியது இடதுசாரி இயக்கத்தின் பலவீனங்களுள் ஒன்று. 1978ஆம் ஆண்டுச் சட்டம் வளாகங்களை மீண்டும் பல்கலைக்கழகங்களாக்கிய போதும், ஆணைக்குழு என்ற கடிவாளத்தைத் தன்வசம் வைத்துக்கொண்டது.

பேரவை தருவதாகக் கருதப்படும் சுயாதீனமும் எல்லைக்குட்பட்டதே. அது பரிந்துரைக்கும் மூவருள் ஒருவரை, ஆணைக்குழுவின் விதப்புரையின்பேரில், ஜனாதிபதி துணைவேந்தராக நியமிக்கின்றார். 2019இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஜனாதிபதியாற் பதவிநீக்கப்பட்டு, தகுதிவாய்ந்த அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டமை, நெருக்கடி வேளையில் அதிகாரம் எங்கே உறைகின்றது என்பதை வெளிப்படுத்திற்று.

இவற்றுக்கு மாற்றாகப் பேராசிரியர்களின் முழு ஆட்சியைக் கோருவோர் உளர். அக்கோரிக்கையை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. மூதவையும் பதவிப் படிநிலையின் அமைப்பே. இளம் விரிவுரையாளரின் குரல் அங்கும் மெலிந்தே ஒலிக்கும். வெளியார் கண்காணிப்பு இல்லாவிடின், பதவிகளும் நியமனங்களும் ஒரு சிறு குழுவினுள் பங்கிடப்படும் என்ற அச்சம் வெறுங்கற்பனையன்று. பொதுப் பணத்தில் இயங்கும் நிறுவனம் பொதுமக்களுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆயின் ஆணைக்குழு தேர்ந்த கனவான்களுக்குப் பதில் சொல்வது மக்களுக்குப் பதில் சொல்வதாகாது.

ஆகவே வெளியுறுப்பினர் தேவையா என்ற விவாதத்தை விடுத்து, அவர்களை யார் தெரிகின்றனர், எவரிடையிருந்து தெரிகின்றனர் என்ற இரு வினாக்களை முன்வைத்தல் வேண்டும். தொழிற்சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளூராட்சி மன்றங்களும் தாமே தெரிந்தனுப்பும் உறுப்பினர், மாணவரும் கல்விசாரா ஊழியரும் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகள், பிரதேச மக்கள் வாசிக்கத்தக்க மொழியில் வெளியிடப்படும் பேரவை அறிக்கைகள் ஆகியன சட்டத் திருத்தத்தாற் கைகூடக் கூடியவையே. அத்திருத்தத்துக்கான கோரிக்கை ஆசிரியர் சங்கங்களிலிருந்து மட்டும் எழுந்தால் அது சலுகைக் கோரிக்கையாகச் சுருங்கும். உழைக்கும் மக்களின் அமைப்புக்களோடு இணைந்து எழும்போதே அது சனநாயகக் கோரிக்கையாகும்.