பூட்டிய அலுமாரியும் கூடிக் கற்றலும்

பாடசாலை நூலகத்தைக் கூடிக் கற்கும் களமாக மாற்றவேண்டும் என்னும் குரல் இன்று கல்வியுலகிற் பலமாக ஒலிக்கின்றது. அது வரவேற்கத்தக்கதே. ஆயின், வட்ட மேசைகளையும் கணினிகளையும் வாங்கிப் பெயர்ப்பலகையைப் புதுப்பித்ததும் இம்மாற்றம் நிறைவெய்திவிடுமா என்பதே நாம் எழுப்பவேண்டிய வினாவாகும்.

நமது பாடசாலைகள் பலவற்றில் நூலகம் என்பது பூட்டிய அலுமாரிகளின் வரிசையே. நூல் தொலைந்தாற் பொறுப்பாசிரியர் விடை கூறவேண்டும். ஆகவே நூல் வெளியே வருவதில்லை. எஸ். ஆர். இரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே உரியன என்பதாகும். நமது இருப்புப் பதிவேடோ அவை பாதுகாப்பிற்கே உரியன என்கின்றது.

கூடிக் கற்றலை மேனாட்டார் தந்த புதுமையாகக் கருதுவாரும் உளர். நன்னூற் பொதுப்பாயிரத்தைப் பயின்றோர் அவ்வாறு கூறார். ஆசான் உரைத்ததைச் செவ்வனே கொண்டாலும் புலமையிற் காற்பங்கே கிட்டும். உடன்பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும் என்பது பவணந்தியார் கணக்கு. நமது வகுப்பறை முதற் காற்பங்கோடு நின்றுவிடுகின்றது. ஏனைய முக்காற்பங்கிற்கும் உரிய இடம் நூலகமே.

அவ்விடம் வெறுமையாய்க் கிடப்பதற்கு மேசையின் வடிவத்தைக் குறை கூறிப் பயனில்லை. பரீட்சையின் வடிவமே அதற்குக் காரணம். ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் முதல் க.பொ.த. உயர்தரம் வரை வெட்டுப்புள்ளியே பிள்ளையின் வருங்காலத்தைத் தீர்மானிக்கின்றது. அருகிலிருப்போன் போட்டியாளன் ஆகின்றான். குறிப்பேட்டை மறைத்தல் விவேகம் ஆகின்றது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மாலையிற் தனியார் வகுப்பிற்குச் செல்கின்றது. மேசையும் நூலும் இல்லாத லயத்து அறையிலும் குடிசையிலும் வாழும் பிள்ளைக்கோ பாடசாலை நூலகமே படிப்பறை. பாடசாலை கலைந்ததும் அதுவும் பூட்டப்படுமாயின், 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி அப்பிள்ளையைப் பாதி வழியிற் கைவிட்டதாகவே முடியும்.

எனவே, முதலில் வேண்டுவன பிற்பகலிலும் திறந்த கதவு, பயிற்சி பெற்ற நூலகர், தாய்மொழி நூல்கள், நூலின் தேய்மானத்திற்கு ஆசிரியரைத் தண்டிக்காத விதி ஆகியனவே. அடுத்து, தனியொருவரால் விடைகாண இயலாத வினாக்களை மாணவர் முன் வைத்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் சில ஏன் உவர்நீர் தருகின்றன? ஒருவர் சுண்ணக்கல் நிலவமைப்பை வாசிக்கட்டும். ஒருவர் நீரிறைப்பின் அளவை ஆராயட்டும். ஒருவர் ஊர் முதியோரை வினவி வரட்டும். மூவரும் ஒரே மேசையில் வாதிடும்போது குறிப்பேட்டை மறைக்க வேண்டிய தேவை எவர்க்கும் இராது.

1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நாம் மறந்தோமல்லோம். எரிந்த நூல்களுக்காக வருந்தும் நாம், எஞ்சிய நூல்களை நமது கையாலேயே பூட்டி வைத்தல் எவ்வகையில் நியாயமாகும்?