வாயிற்காவலரா, வழிகாட்டியா? – சுரேஷ் கனகராஜாவின் நோக்கில் ஆய்விதழ்ப் பதிப்பாசிரியர்

ஆய்வுச் சுருக்கம்
மொழிக்கல்வி ஆய்விதழ்களின் பதிப்பாசிரியர்கள் அறிவுருவாக்கத்தில் வகிக்கும் இடத்தைச் சுரேஷ் கனகராஜாவின் ஆய்வுகள் வெளிப்படுத்தின. அவற்றின் வலிமையையும் எல்லையையும் மதிப்பிட்டு, இன்றைய தமிழ் ஆய்விதழ்ச் சூழலுக்கு அவை எழுப்பும் வினாக்களை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஆய்விதழ், பதிப்பாசிரியர், மதிப்பீடு, ஆய்வெழுத்து, அவையடக்கம்.

முன்னுரை
ஓர் ஆய்வுக்கட்டுரை அதன் கருத்து வலிமையால் மட்டுமே ஏற்கப்படுகிறது என்பது கல்வியுலகின் பொதுவான நம்பிக்கை. இந்நம்பிக்கையை ஐயத்திற்கு உள்ளாக்கியவர் சுரேஷ் கனகராஜா. போர்ச்சூழலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த இவர், பின்னர் அமெரிக்காவில் பேராசிரியரானார். 1967இல் தொடங்கப்பெற்ற 'டெசோல் குவார்ட்டர்லி' என்னும் மொழிக்கல்வி ஆய்விதழின் பதிப்பாசிரியராக 2005 முதல் சில ஆண்டுகள் பணியாற்றினார். வாயிலின் புறத்தே நின்றவரே பின்னர் அதன் பொறுப்பை ஏற்றமையால் அவருடைய கருத்துகள் தனிக்கவனம் பெறுகின்றன.

பொருட்சூழலும் ஆய்வுத்தகுதியும்
1996இல் 'ரிட்டன் கம்யூனிகேஷன்' இதழில் வெளியான கட்டுரையிலும், 2002இல் வெளிவந்த 'எ ஜியோபாலிட்டிக்ஸ் ஆஃப் அகாடமிக் ரைட்டிங்' நூலிலும் கனகராஜா ஓர் எளிய உண்மையை எடுத்துரைக்கிறார். தாள், தட்டச்சு, மின்சாரம், அஞ்சல், நூலகம் ஆகியவை தடையின்றிக் கிடைக்கும் என்ற எண்ணத்திலேயே ஆய்விதழ்களின் விதிகள் அமைந்துள்ளன. இவை அரிதான இடத்திலிருந்து எழுதுபவரின் கட்டுரை, கருத்து எடைபோடப்படும் முன்னரே குறையுடையதாகத் தோன்றிவிடுகிறது. அண்மைக்கால நூல்களைச் சுட்டாமை அறியாமையாகக் கருதப்படுகிறது. அந்நூல்கள் அவ்வூரை எட்டவே இல்லை என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரிவதில்லை. கருத்துக்குப் புறம்பானவை எனக் கருதப்பட்ட இவற்றை ஆய்வுப்பொருளாக்கியதே கனகராஜாவின் முதன்மையான பங்களிப்பு எனலாம்.

எழுத்து மரபின் வேறுபாடு
ஆய்வுக்கட்டுரையின் முன்னுரை மூன்று நகர்வுகளைக் கொண்டது என ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் விளக்கினார். ஆய்வுக்களத்தை நிறுவுதல், அதில் ஓர் இடைவெளியைக் காட்டுதல், அவ்விடைவெளியைத் தன் ஆய்வால் நிரப்புதல் என்பன அவை. இரண்டாம் நகர்வு முன்னோரின் குறையைச் சுட்டுவதாகும். தமிழ் மரபோ அவையடக்கத்தைப் போற்றுவது. தொல்காப்பியச் செய்யுளியல் 'அவையடக்கியல்' என இதற்கு இடமளிக்கிறது. இம்மரபில் பயின்றவர் தம் புதுமையைப் பணிவுடன் கூறும்போது, ஸ்வேல்ஸின் அமைப்பை மட்டும் அறிந்த மதிப்பீட்டாளர் அங்குப் புதுமையே இல்லை என முடிவு செய்யக்கூடும்.

எனினும் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஆய்வில் புதியது யாதெனக் கூறாமல் விடுவதற்கு அவையடக்கம் மறைப்பாகிவிடக் கூடாது. பணிந்து கூறுவது வேறு. கூறாமலே விடுவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிந்து எழுதியவருக்கு உணர்த்துவது பதிப்பாசிரியரின் கடமை.

கருத்தின் எல்லை
கனகராஜாவின் ஆய்வு மையம், விளிம்பு என்னும் இருமையை அடிப்படையாகக் கொண்டது. மேலை நாட்டு ஆங்கில இதழ்கள் மையம். யாழ்ப்பாணம் போன்ற இடங்கள் விளிம்பு. ஆயின் விளிம்பிற்குள்ளும் மையங்கள் உருவாகின்றன. தமிழில் வெளிவரும் ஆய்விதழும் தன் அளவில் ஒரு வாயிலே. அவ்வாயிலில் நிற்பவர் சிற்றூர்க் கல்லூரியிலிருந்து வரும் ஆய்வாளரை எவ்வாறு எதிர்கொள்கிறார் என்னும் வினாவிற்கு அவ்விருமை நேரடியாக விடை தருவதில்லை.

தமிழ் ஆய்விதழ்ச் சூழல்
யாழ்ப்பாணத்தில் தாள் இருந்த இடத்தில் இன்று எழுத்துரு இருக்கிறது. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரையை ஒருங்குறிக்கு மாற்றும்போது ஒற்றும் துணையெழுத்தும் சிதைவதுண்டு. அவை எழுதியவரின் பிழைகளாகவே எண்ணப்படுகின்றன. இக்கட்டுரையாளரின் கட்டுரை ஒன்றும் ஓர் இதழிலிருந்து 'பிழைகள் மிகுதி' என்னும் ஒற்றை வரியுடன் திரும்பியது. எழுத்துரு மாற்றத்தால் நேர்ந்தவை எவை, எழுதியவரால் நேர்ந்தவை எவை என்பதை அவ்வரி கொண்டு அறிய இயலவில்லை. திருத்திக்கொள்ள வழியில்லாத மறுப்பு எவருக்கும் கல்வியாகாது.

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2016ஆம் ஆண்டு விதிகள் முனைவர் பட்ட ஆய்வேட்டிற்கு முன் ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றைக் கட்டாயமாக்கின. 2022ஆம் ஆண்டு விதிகள் அதனை நீக்கின. 2019இல் நடைமுறைக்கு வந்த கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டது. இதழின் தரத்தைப் பட்டியலைக் கொண்டு அறியும் நிலை மாறிய பின்னர், ஒவ்வோர் இதழும் தன் மதிப்பீட்டு முறையாலேயே தன் தரத்தை நிறுவ வேண்டியுள்ளது. பதிப்பாசிரியரின் பொறுப்பு இதனால் கூடியுள்ளது.

ஆகவே மூன்று நடைமுறைகள் இன்றியமையாதன. வடிவக்குறையையும் கருத்துக்குறையையும் தனித்தனியே குறிப்பிடுதல். மறுக்கும்போது காரணத்தைச் சில வரிகளிலேனும் எழுதுதல். சுட்டப்படாத நூலைக் குறையாகக் கூறும்போது அது கிடைக்கும் இடத்தைச் சேர்த்துக் கூறுதல். பெரும்பாலும் ஊதியமின்றி உழைக்கும் பதிப்பாசிரியர்களுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் இவை கூடுதல் சுமையே. ஆயினும் மறுக்கப்பட்ட கட்டுரையும் ஓர் ஆய்வாளரை உருவாக்க வேண்டுமெனில் இச்சுமையைத் தவிர்க்க இயலாது.

முடிவுரை
ஆய்விதழின் விதிகள் நடுநிலையானவை அல்ல என்பதைக் கனகராஜா நிறுவினார். அவ்வுண்மையை ஆங்கில இதழ்களை நோக்கிய குற்றச்சாட்டாக மட்டும் கொள்வது எளிது. நம் இதழ்களிலும் அதனைப் பொருத்திப் பார்ப்பதே கடினம். வாயிலைக் காப்பதும் உள்ளே வரும் வழியைக் காட்டுவதும் பதிப்பாசிரியர் ஒருவரின் இரு பணிகளே. முன்னதை மட்டும் செய்யும் இதழ் கட்டுரைகளைப் பெறும். பின்னதையும் செய்யும் இதழ் ஆய்வாளர்களைப் பெறும்.